ஆச்சி அமெரிக்கா போகுமுன் பாலிசித் தாளை வாசிப்பது எப்படி

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் விமான டிக்கெட் அலுவலகம் நடத்துகிறேன். மகளின் பேறுகாலம் பார்க்க டல்லாஸுக்கோ நியூஜெர்சிக்கோ புறப்படும் பெருமாள்புரம், மகாராஜநகர் ஆச்சிமார் வருவார்கள். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறித் தம்மாமுக்கும் துபாய்க்கும் போகிற மேலப்பாளையம், கடையநல்லூர் தம்பிமாரும் வருவார்கள். டிக்கெட் முடிந்ததும் காப்பீட்டைப் பற்றி எல்லோரும் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "அண்ணாச்சி, இருப்பதிலேயே விலை குறைவானது எது?"

விலையைக் கடைசியில் பார்க்கலாம். பயணக் காப்பீடு என்பது, புறப்படும்போது யாருக்கும் தெரிந்திராத, திடீரென்று நேர்கிற ஒன்றுக்குப் பணம் தரும் ஏற்பாடு. நிறுவனம் பணத்தை மறுக்கும்போது பெரும்பாலும் சொல்வது இதைத்தான்: "இது உங்களுக்கு முன்பே தெரியும்." இதை மனத்தில் வைத்துக்கொண்டு வாசித்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் கண்ணில் படுவது காப்பீட்டுத் தொகை: ஐம்பதாயிரம் டாலர், ஒரு லட்சம் டாலர், இரண்டரை லட்சம் டாலர். அமெரிக்காவுக்கு ஐம்பதாயிரம் போதாது என்பது என் கருத்து. அங்கே ஓர் அறுவைச் சிகிச்சையும் சில நாள் படுக்கையும் அதை விழுங்கிவிடும். ஆனால் அந்தப் பெரிய எண்ணைக் குறைக்கிற இரண்டு சொற்கள் உள்ளே இருக்கின்றன. ஒன்று டிடக்டிபிள். செலவில் முதல் பகுதியை நீங்களே ஏற்க வேண்டும் என்று பொருள். டிடக்டிபிள் 100 டாலர் என்று வைத்துக்கொள்வோம். காய்ச்சலுக்குக் கிளினிக் போய் 180 டாலர் பில் வந்தால் நிறுவனம் தருவது 80 டாலர்தான். பில் 90 டாலர் என்றால் ஒன்றும் வராது.

மற்றது சப்-லிமிட். இதுதான் ஆள்விழுங்கி. குறிப்பாக அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கான பாலிசிகளில், மொத்தத் தொகை ஒரு லட்சம் டாலர் என்று இருந்தாலும், அறை வாடகைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு இவ்வளவு, அறுவைக்கு இவ்வளவு என்று தனித்தனி வரம்பு போட்டிருப்பார்கள். அந்த அட்டவணை விளம்பரத் தாளில் இருக்காது. பாலிசி விதிகளில், நாலைந்து பக்கம் தள்ளி இருக்கும். அதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்டத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள். சப்-லிமிட் இல்லாத பாலிசிக்குப் பிரீமியம் கூடத்தான் செய்யும். மருமகன் வீட்டில் கடன் வைப்பதை விட அது மேல்.

அடுத்தது முன்பே இருக்கும் நோய். இதற்குத்தான் நான் அதிக நேரம் செலவிடுவேன். நம் பக்கத்தில் அறுபது வயதில் சர்க்கரையோ பிரஷரோ இல்லாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் படிவத்தில் அந்தக் கட்டம் வந்ததும் எல்லோரும் ஆரோக்கியசாலிகள் ஆகிவிடுகிறார்கள். "சும்மா ஒரு மாத்திரைதான் போடுகிறேன், அதையெல்லாம் எழுத வேண்டுமா?" என்பார்கள். எழுத வேண்டும். நிறுவனம் திருநெல்வேலிக்கு வந்து விசாரிக்கப் போவதில்லை. அதற்குத் தேவையும் இல்லை. அங்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தவுடன் செவிலியர் கேட்கும் முதல் கேள்வியே என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், எத்தனை வருடமாக என்பதுதான். பதற்றத்தில் மகனே எல்லாவற்றையும் சொல்லிவிடுவான். சொல்லவும் வேண்டும், உயிர் விஷயம். அது அப்படியே டிஸ்சார்ஜ் தாளில் ஏறும். அந்தத் தாளை வைத்துத்தான் கிளைமை, அதாவது பணம் கேட்டு நீங்கள் தரும் விண்ணப்பத்தை, பரிசீலிப்பார்கள். மறைத்தது தெரிந்தால் அந்த நோய்க்கான பணம் மட்டுமன்றி மொத்தக் கிளைமும் அடிபடலாம்.

உண்மையை எழுதினால் என்ன கிடைக்கும்? பாலிசிக்குப் பாலிசி மாறும். சிலவற்றில் முன்பே இருக்கும் நோய்க்கு ஒரு காசும் கிடையாது. சிலவற்றில் உயிருக்கு ஆபத்தான கட்டத்தில் மட்டும், நிலைமை சீராகும் வரையிலான செலவை, ஒரு வரம்புக்குள் தருவார்கள். இரண்டாவது வகையைத் தேடி எடுங்கள். வழக்கமான பரிசோதனையும் வழக்கமான மாத்திரையும் எதிலும் வராது. ஆகவே தங்கும் மாதங்களுக்கான மாத்திரையையும், மருத்துவர் எழுதிய சீட்டையும், ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் எடுத்த பழைய இ.சி.ஜி. இருந்தால் அதையும் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பாலிசி அட்டையில் உதவி மையத்தின் எண் இருக்கும். ஆஸ்பத்திரியில் சேர்ந்தவுடன், முடிந்தால் சேரும் முன்பே, அங்கே தகவல் சொன்னால்தான் கேஷ்லெஸ் வசதிக்கு, அதாவது நிறுவனமே ஆஸ்பத்திரிக்கு நேரடியாகப் பணம் கட்டுவதற்கு, வழி உண்டு. இல்லாவிட்டால் முழுப் பணத்தையும் கட்டிவிட்டு, பில்களோடு பின்னால் அலைய வேண்டும். அந்த எண்ணை மகள், மருமகன் இருவர் போனிலும் பதிந்து வையுங்கள். ஆச்சியின் பர்சில் மட்டும் இருந்தால் ஆச்சி மயங்கி விழுந்த நேரத்தில் யாருக்கும் கிடைக்காது.

நோயாளியைச் சிகிச்சைக்காக வேறு இடத்துக்குக் கொண்டுபோகும் வெளியேற்றச் செலவு, இறந்தவரின் உடலைத் தாயகம் கொண்டுவரும் செலவு என்று இரண்டு வரிகள் உண்டு. வாசிக்கும்போது "அதை விடுங்கள் அண்ணாச்சி" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அந்த வரிகளுக்குரிய தொகை மொத்தத்துக்குள் அடங்குமா, தனியாக உண்டா என்பதை மட்டும் பார்த்துவிட்டு நகருங்கள்.

பெட்டி விஷயம். விமான நிறுவனத்திடம் ஒப்படைத்த பெட்டி காணாமல் போவது வேறு, தாமதமாக வருவது வேறு. தாமதம் என்றால், குறிப்பிட்ட மணி நேரம் தாண்டிய பிறகு, அவசரத்துக்கு வாங்கிய துணிமணி, சோப்பு போன்றவற்றுக்கு ரசீது காட்டினால் தருவார்கள். பல பாலிசிகளில் ஊர் திரும்பும்போது நேரும் தாமதத்துக்கு இது கிடையாது. தொலைந்தாலும் தாமதமானாலும், விமான நிலையத்தை விட்டு வெளியே வருமுன் விமான நிறுவனத்தின் கவுன்டரில் புகார் பதிந்து நகல் வாங்கிவிட வேண்டும். நகை, ரொக்கம், கெட்டுப்போகிற பண்டம் ஆகியவற்றைப் பெரும்பாலும் விலக்கிவிடுவார்கள். கிலோக் கணக்கில் அல்வா கட்டிக் கொண்டுபோகிறவர்கள் அது போனால் போனதுதான் என்று தெரிந்து கட்டுங்கள்.

பயணம் ரத்தானால் எல்லாவற்றுக்கும் பணம் வரும் என்பது இன்னொரு நம்பிக்கை. பாலிசியில் எழுதிய காரணங்களுக்கு மட்டும்தான் வரும்: உங்களுக்கோ நெருங்கிய குடும்பத்தாருக்கோ கடும் நோய், மரணம் போன்றவை. மனம் மாறினால் வராது. விசா மறுக்கப்பட்டாலும் பொதுவாக வராது. 2023 டிசம்பரில் தாமிரபரணி பெருகி, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்து, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றுபோனது நினைவிருக்கும். அப்படி வெள்ளம் வந்துவிட்ட பிறகு அன்று இரவு உட்கார்ந்து பாலிசி வாங்கினால் அந்த வெள்ளத்துக்கு அது உதவாது. இங்கிருந்து சென்னைக்கு ரயில், அங்கிருந்து விமானம் என்று தனித்தனி டிக்கெட்டில் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இணைப்பு விமானம் தவறினால் கிடைக்கும் தொகை பெரும்பாலும் முந்தைய விமானத்தின் தாமதத்துக்குத்தான், ரயிலின் தாமதத்துக்கு அல்ல. ஒரு நாள் முன்னதாகவே சென்னை போய்விடுவதுதான் இதற்கு மலிவான காப்பீடு.

வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் தம்பிகளுக்குச் சுற்றுலாப் பாலிசி பொருந்தாது. இ.சி.ஆர். பாஸ்போர்ட்டில், அதாவது வேலைக்குப் போகுமுன் அரசின் குடியேற்ற அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்டில், போகிறவர்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற அரசுக் காப்பீட்டுத் திட்டம் கட்டாயம். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய். விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமுற்றாலோ 10 லட்சம் ரூபாய். முதலாளி மாறினாலும் பாலிசி தொடரும். அந்தத் தாளின் நகலை வீட்டில் அம்மாவிடமோ மனைவியிடமோ கொடுத்துவிட்டுப் போகச் சொல்வேன். சவூதியில் தம்பியின் பெட்டிக்குள் கிடந்தால் இங்கே இருப்பவர்களுக்கு என்ன பயன்?

ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவப் பாதுகாப்பு வேண்டும். தங்கும் நாள் முழுவதற்கும் இருக்க வேண்டும். நெல்லை எக்ஸ்பிரஸ் போன்ற ரயிலுக்கு ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் டிக்கெட் எடுக்கும்போது ஆளுக்கு 45 பைசாவில் காப்பீடு உண்டு. ரயில் விபத்தில் மரணம் என்றால் 10 லட்சம் ரூபாய். அதை 'வேண்டும்' என்று தேர்ந்தெடுத்த பிறகு வருகிற இணைப்பில் நாமினி பெயரை நிரப்புங்கள். அந்த இணைப்பை யாரும் திறப்பதே இல்லை.

கிளைமை மறுத்துவிட்டால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். எந்த விதியின்படி மறுத்தார்கள் என்பது அதில் இருக்க வேண்டும். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் அதிகாரியிடம், போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க வேண்டியதில்லை, 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை விசாரிப்பார்கள். புகாரோடு பாலிசி நகல், டிஸ்சார்ஜ் தாள், பில்கள், பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்த பக்கங்கள், மறுப்புக் கடிதம் ஆகியவற்றை இணைத்து அனுப்புங்கள்.