காற்றில் பறக்கும் விமானம்: சார்பு வேகக் கணக்குகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயர்தர இணைந்த கணிதத்தில் சார்பு வேகப் பகுதியை, அதாவது ஒன்றிலிருந்து பார்க்கும்போது இன்னொன்று நகரும் வேகத்தைக் காணும் பகுதியை, கடினமானது என்று ஒதுக்கிவிடும் மாணவர்கள் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பலர் இருக்கிறார்கள். உண்மையில் விமானமும் காற்றும் வரும் வினாக்களில் பயன்படும் கணிதம், ஒரு முக்கோணியைத் தீர்ப்பதற்கு மேல் எதையும் கேட்பதில்லை. புள்ளிகள் பறிபோவது கணிப்பில் அல்ல, அதற்கு முன்பு, வினாவை வாசிக்கும்போதே. காற்றுச் சார்பாக விமானத்தின் வேகம், புவி சார்பாகக் காற்றின் வேகம், புவி சார்பாக விமானத்தின் வேகம் ஆகிய மூன்றும் பக்கங்களாக அமைவதே வேக முக்கோணி. அதன் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கதியும் ஒரு திசையும் உண்டு. ஆக மொத்தம் ஆறு விவரங்கள். அவற்றுள் நான்கை வினா தருகிறது, மற்ற இரண்டை நாம் காண வேண்டும். தரப்பட்ட ஒவ்வோர் எண்ணும் எந்த வேகத்தின் கதி, தரப்பட்ட ஒவ்வொரு திசையும் எந்த வேகத்தின் திசை என்பதைப் பிரித்து எழுதாமல் படம் வரையத் தொடங்குவதுதான் கீழே சொல்லப்படும் தவறுகளில் பெரும்பாலானவற்றுக்கு மூலம்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். அம்பாறை நகரம் மட்டக்களப்புக்கு ஏறத்தாழ நேர் தெற்கே இருக்கிறது. கணக்குக்காக நேர் தெற்கு என்றும் தூரம் 48 கிலோமீற்றர் என்றும் கொள்வோம். அமைதியான காற்றில் மணிக்கு 130 கிலோமீற்றர் கதியில் பறக்கக்கூடிய சிறிய விமானம் ஒன்று மட்டக்களப்பிலிருந்து அம்பாறைக்கு நேர்கோட்டில் செல்ல வேண்டும். மேற்கிலிருந்து மணிக்கு 50 கிலோமீற்றர் கதியில் காற்று வீசுகிறது. இங்கே மிகப் பெரும்பாலான மாணவர்கள் 130ஐத் தெற்கு நோக்கிய கோட்டின் மேல் குறித்து, 50ஐ அதற்குச் செங்குத்தாக வரைந்து, விளையுள் ஏறத்தாழ 139 என்று எழுதுகிறார்கள். அமைதியான காற்றில் உள்ள கதி என்பது காற்றுச் சார்பாக விமானத்தின் கதி; அதன் திசை நமக்குத் தெரியாது. தெற்கு என்ற திசையோ புவி சார்பாக விமானத்தின் வேகத்துக்கு உரியது. அதன் கதி நமக்குத் தெரியாது. ஒரு வேகத்தின் கதியை இன்னொரு வேகத்தின் திசையில் குறித்ததால் முக்கோணியே மாறிவிட்டது. சரியான முக்கோணியில் 130 செம்பக்கம்; புவி சார்பான கதி √(130² − 50²) = 120. காற்று பக்கவாட்டில் தள்ளுவதை ஈடுசெய்யவே விமானம் தன் வேகத்தில் ஒரு பங்கைச் செலவிட வேண்டியிருப்பதால், விடை 130இலும் குறைவாகத்தான் வர முடியும் என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்திருந்தாலே 139 தவறு என்பது தெரிந்திருக்கும்.

விமானத்தின் மூக்கு தெற்கிலிருந்து மேற்காக, சைன் 5/13 ஆகவுள்ள கோணத்தில், அதாவது ஏறத்தாழ 22.6 பாகையில் திரும்பியிருக்க வேண்டும். இங்கேதான் அடுத்த தவறு ஒளிந்திருக்கிறது. காற்றுக்கு அது எங்கிருந்து வருகிறதோ அந்தத் திசையையே சொல்வது வழக்கம். வானிலை அறிக்கையில் 270 பாகைக் காற்று என்றால் அது மேற்கிலிருந்து வருவதாகும். கச்சான் காலத்தில் மேற்கிலிருந்து வரும் சுடுகாற்றை முகத்தில் உணர்ந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இது புதிதல்ல, ஆனாலும் தாளில் அம்புக்குறி இடும்போது மேற்கு என்ற சொல்லைக் கண்டதும் கை மேற்கு நோக்கியே போய்விடுகிறது. மேலே உள்ள கணக்கில் இத்தவறு செய்தாலும் கதி 120 என்றே வரும், நேரமும் 24 நிமிடம் என்று சரியாகவே வரும். செலுத்தும் திசை மட்டும் எதிர்ப்பக்கமாகிவிடும். ஆகவே விடை பொருந்திவிட்டது என்ற நம்பிக்கையில் மாணவர் தவறைக் காணாமலே போய்விடுகிறார். காற்று சாய்வாக வீசும் கணக்கில் இந்த அதிர்ஷ்டமும் இராது.

முக்கோணியின் பக்கங்களை இணைப்பதில் குழப்பம் வராமலிருக்க, வேகம்(விமானம், புவி) = வேகம்(விமானம், காற்று) + வேகம்(காற்று, புவி) என்ற சமன்பாட்டைப் படத்துக்கு முன்பே எழுதுவது நல்லது. வலப்பக்கத்தில் காற்று என்பது முதல் அடைப்பின் இறுதியிலும் இரண்டாம் அடைப்பின் தொடக்கத்திலும் வருகிறதா என்று பார்த்தால் போதும்.

திரும்பி வரும் பயணம் தனியாகக் கவனிக்கத் தக்கது. போன திசைக்கு நேர் எதிராக விமானத்தைத் திருப்பினால் புறப்பட்ட இடத்துக்கு வந்துவிடலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். நம் உதாரணத்தில் போகும்போது மூக்கு தெற்கிலிருந்து மேற்காக 22.6 பாகை சாய்ந்திருந்தது. அதன் நேர் எதிர்த் திசை வடக்கிலிருந்து கிழக்காக 22.6 பாகை. அத்திசையில் செலுத்தினால் விமானத்தின் சொந்த வேகத்தின் கிழக்குக் கூறு 50, காற்று தருவது இன்னுமொரு 50. அம்பாறையிலிருந்து 24 நிமிடம் பறந்த பின்பு விமானம் மட்டக்களப்பின் நேர் கிழக்கே 40 கிலோமீற்றர் தள்ளி, வங்கக் கடலின் மேல் இருக்கும். திரும்பும்போது புவி சார்பான திசை மாறுகிறது, காற்றின் வேகம் மாறுவதில்லை. ஆகவே புதிய முக்கோணி ஒன்றை வரைய வேண்டும், அதில் மூக்கு வடக்கிலிருந்து மேற்காகவே சாய்ந்திருக்கும். ஒரே காற்றுப் பக்கத்தைப் பொதுவாக வைத்து இரண்டு முக்கோணிகளையும் ஒரே படத்தில் வரைபவர்கள் இந்தத் தவறைச் செய்வதில்லை என்பதால், இரு வழிப் பயண வினாக்களுக்கு அம்முறையையே நான் வற்புறுத்துவேன்.

மொத்த நேரம் கேட்கப்படும்போது சராசரிக் கதி இன்னொரு பொறி. அதே காற்று நேர் வடக்கிலிருந்து வீசினால், போகும்போது கதி 180, வரும்போது 80. இவற்றின் கூட்டுச் சராசரி 130 ஆகிவிடுவதால், காற்று இருந்தும் இல்லாததுபோல் 96 கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 44 நிமிடம் என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையில் போக 16 நிமிடம், வர 36 நிமிடம், மொத்தம் 52. மெதுவான கதியில் விமானம் கூடுதல் நேரம் பறக்கிறது என்பதே காரணம். பக்கக் காற்றில் மொத்தம் 48 நிமிடம். மாறாத காற்றில் போய்த் திரும்பும் நேரம், எத்திசையில் காற்று வீசினாலும், அமைதியான காற்றில் எடுக்கும் நேரத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும். குறைவாக வந்தால் எங்கோ பிழை இருக்கிறது.

காற்று சாய்வாக வீசும் வினாவில், விமானத்தின் கதியோடு பாதை வழியேயான காற்றின் கூறைக் கூட்டிவிட்டு நிறுத்திக்கொள்வதைப் பரவலாகக் காணலாம். வடமேற்கிலிருந்து 50√2 கதியில் காற்று வீசுவதாகக் கொண்டால் அதன் தெற்குக் கூறு 50, கிழக்குக் கூறு 50. உடனே 130 + 50 = 180 என்று எழுதக் கூடாது. கிழக்குக் கூறை நீக்க விமானம் மேற்காகச் சாய வேண்டும், அதனால் அதன் தெற்குக் கூறு 120 ஆகக் குறைகிறது, கதி 170. திரும்பும்போது 120 − 50 = 70. அம்புக்குறியை மாற்றி இட்டவருக்கோ 170க்குப் பதிலாக 70 வரும். பாதை வழியேயும் அதற்குச் செங்குத்தாகவும் கூறுபடுத்தி, செங்குத்துக் கூறுகளின் கூட்டுத்தொகை பூச்சியம் என்ற சமன்பாட்டை முதலில் எழுதினால் இச்சிக்கல் எழுவதேயில்லை. சைன் விதியை விரும்புவோர், சைன் 5/13 என்றதும் 22.6 பாகையும் 157.4 பாகையும் கிடைக்கின்றன என்பதை மறக்கலாகாது. விமானத்தின் கதி காற்றின் கதியைவிடக் கூடுதலாக இருக்கும்வரை அக்கோணம் கூர்ங்கோணமாகவே இருக்க வேண்டும். அக்காரணத்தை ஒரு வரியில் எழுதாமல் இரண்டாவது விடையை வெறுமனே விட்டுவிடுவது முழுமையான தீர்வாகாது.

இரண்டு விமானங்கள் வரும் வினாக்களில் ஒன்றுக்குப் புவி சார்பான வேகத்தையும் மற்றதற்குக் காற்றுச் சார்பான வேகத்தையும் எடுத்துக் கழிப்பது வழக்கமான தவறு. இரண்டும் ஒரே காற்றில் பறந்தால் அவற்றின் சார்பு வேகத்தில் காற்று தானாகவே நீங்கிவிடும். இரண்டையும் புவி சார்பாக எடுத்தாலும் காற்றுச் சார்பாக எடுத்தாலும் விடை ஒன்றே. மட்டக்களப்பிலிருந்து ஒன்று மூக்கை நேர் தெற்கே வைத்து 130 கதியிலும், அம்பாறையிலிருந்து மற்றொன்று மூக்கை நேர் வடக்கே வைத்து 110 கதியிலும் ஒரே நேரத்தில் புறப்பட்டால், காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் 48/240 மணித்தியாலத்தில், அதாவது 12 நிமிடத்தில் அவை ஒன்றையொன்று கடக்கும். எங்கே கடக்கும் என்று வினா கேட்டால் மட்டும் காற்று கணக்குக்குள் திரும்பி வருகிறது: மட்டக்களப்புக்குத் தெற்கே 26 கிலோமீற்றரிலும், மேற்கிலிருந்து வீசும் 50 கதிக் காற்றினால் இரு நகரங்களையும் இணைக்கும் கோட்டுக்குக் கிழக்கே 10 கிலோமீற்றரிலும்.