260 கிலோவா, 232 கிலோவா?

இரண்டு காளைக்கன்றுகள் தராசில் ஏறுகின்றன. ஒன்று 260 கிலோ, மற்றது 232. இனவிருத்திக்கான பொலிகாளையாக எதை வைத்துக்கொள்வது? பெரியதைப் பார்த்துக் கை நீட்டினால் அங்கேயே முதல் தவறு.

பெரிய கன்றுக்கு வயது 240 நாள், பிறந்தபோது 36 கிலோ, தாய்க்கு ஆறு வயது. சின்னதுக்கு 190 நாள்தான், பிறந்தபோது 34 கிலோ, தாய் இரண்டு வயதுத் தலையீற்றுப் பசு. இறைச்சி மாடுகளின் தரத்தை மேம்படுத்த அமெரிக்காவில் 1968-இல் தொடங்கிய பீஃப் இம்ப்ரூவ்மென்ட் ஃபெடரேஷன் என்ற அமைப்பின் வழிகாட்டி, பால்குடி மறக்கும் எடையை 205 நாள் வயதுக்குச் சரிக்கட்டச் சொல்கிறது. பிறந்த எடையைக் கழித்து, மீதியை வயதால் வகுத்து, 205-ஆல் பெருக்கி, பிறந்த எடையைத் திரும்பக் கூட்ட வேண்டும். பெரியது 227-க்கு இறங்கிவிடும்; சின்னது 248-க்கு ஏறும். இளந்தாய்க்குப் பால் குறைவு என்பதால் பொது அட்டவணைப்படி இன்னும் 60 பவுண்டு, அதாவது 27 கிலோ சேரும். ஆக 275! பிறந்த எடையைக் குத்துமதிப்பாக எழுதிவைத்திருந்தால் இந்தக் கணக்கே ஆட்டம் காணும்.

அப்புறம், ஒப்பீடு. ஒரே பண்ணை, ஒரே பால், ஒரே பருவம், ஒரே தீவனம் என்று வளர்ந்த கன்றுகளைத்தான் ஒன்றோடொன்று ஒப்பிடலாம். கண்காட்சிக்கென்று தனித்தீவனம் போட்ட கன்றை மேய்ச்சல் கன்றுகளோடு சேர்த்தால், தெரிவது தீவன மூட்டையின் திறமை.

எனக்குச் சிரிப்பு வரவழைப்பது, மோசமான கன்றுகளின் எடையை மறைக்கும் பழக்கம். ஐந்து கன்றுகள்: 300, 280, 260, 240, 220 கிலோ. சராசரி 260; அதை 100 என்று வைத்தால் முதல் கன்றின் விகிதம் 115. மந்தையின் மானத்தைக் காக்கக் கடைசி இரண்டையும் விட்டுவிட்டால் சராசரி 280, அதே கன்றின் விகிதம் 107. நல்ல காளையின் மதிப்பைச் சொந்தக்காரரே குறைத்துக்கொள்கிறார்.

சரி, எடையை மட்டும் துரத்தலாமா? ஒரு வயதில் எடை கூடிய காளைகளையே தேர்ந்தெடுத்துக்கொண்டு போனால், கன்றுகளின் பிறப்பெடையும் கூடவே ஏறும். தலையீற்றுப் பசு கன்று போட முடியாமல் திணறும்போதுதான் அது உறைக்கும்.

கண்ணை மட்டும் நம்பியவர்களும் அடிபட்டிருக்கிறார்கள். 1940-களில் அமெரிக்கக் கண்காட்சிகளில் குட்டையாகத் திரண்ட ஹெர்ஃபோர்டு என்ற இறைச்சி மாட்டினக் காளைகளுக்கு மவுசு. அந்தத் தோற்றத்தோடு குள்ளத்தன்மைக்கான மரபணுவும் மந்தைகளில் பரவியது. இரண்டு பக்கமும் அதைச் சுமந்த ஜோடிகளுக்கு மூச்சுத்திணறும் குள்ளக் கன்றுகள் பிறந்தன. அதன்பின் காளை வாங்க வந்தவர்கள் முதலில் கேட்டது வம்சாவளிப் பட்டியலை.