சங்கு குளிக்க இறங்குமுன் தகட்டில் ஓர் ஓட்டை

மன்னார் மாவட்டத்துச் சிலாவத்துறைப் பக்கம் சங்கு குளிக்க ஆசைப்படும் பொடியள் முதலில் விசாரிப்பது காற்றுச் சிலிண்டர் விலையைத்தான். நான் கேட்பது, "சங்கு அளக்கிற தகட்டில ஓட்டை போட்டாச்சோ?"

அதிலிருந்தே தொடங்குவோம். தடித்த பிளாஸ்டிக் தகட்டில் சரியாக 70 மில்லிமீற்றர் விட்டத்தில் வட்டம் வெட்டுங்கள். குறுக்கும் நெடுக்கும் அளந்து பாருங்கள். ஓட்டை சிறுத்தால் வழக்கு, பெருத்தால் நட்டம். இலங்கைச் சட்டப்படி 70 மில்லிமீற்றருக்குக் குறைந்த சங்கைப் பிடிக்கவோ வைத்திருக்கவோ கூடாது. புதியவர்கள் சங்கின் நீளத்தை அளந்துவிட்டு "பெரிசுதானே" என்பார்கள். கணக்கு நீளமல்ல, வயிறு பருத்த இடத்தின் குறுக்களவு. நுனியை ஓட்டைக்குள் விடுங்கள். வயிறும் புகுந்து போனால் அது குஞ்சு.

தகட்டைப் பையோடு கயிற்றில் கட்டி, அடியிலேயே அளந்து, எடுத்த மணலிலேயே திருப்பி வையுங்கள். கரையில் கொட்டிப் பொறுக்குவது வீண்வேலை. அதற்குள் குஞ்சு உங்கள் வள்ளத்தில் இருந்தாயிற்று, பரிசோதகருக்கு அது போதும். மணலில் கொம்பு மாதிரி முறுக்கிக்கொண்டு நிற்பது சங்குப்பூ, அதாவது சங்கின் முட்டைக்கூடு. அதில் கைவைக்காதீர்கள்.

அடுத்தது அனுமதிப்பத்திரம். கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் எடுக்க வேண்டும். "சம்மாட்டியிட்ட இருக்காம்" என்று வள்ளக்கார முதலாளியைக் காட்டிச் சொல்வதை நம்பி இறங்காமல், தாளைக் கண்ணால் பாருங்கள்.

பிறகு, பாதுகாக்கப்பட்ட இடங்களின் எல்லை. 2015 இல் அறிவித்த ஆதாம் பாலக் கடல் தேசிய பூங்காவும் 2016 இல் அறிவித்த விடத்தல்தீவு இயற்கை ஒதுக்கும் மன்னார்க் கடலில்தான். முல்லைத்தீவுக்காரருக்கு நந்திக்கடல், நாயாறு ஒதுக்குகள். இவை வனஜீவராசிகள் திணைக்களத்தின் கையில். கடற்றொழில் அனுமதிப்பத்திரத்தைக் காட்டி உள்ளே போக முடியாது. பழைய வரைபடத்தையும் நம்ப வேண்டாம்: விடத்தல்தீவின் ஒரு துண்டை நீக்க 2024 இல் வர்த்தமானி வந்து, விஷயம் நீதிமன்றம் வரை போனது. புதிய எல்லைப் புள்ளிகளை வாங்கி ஜிபிஎஸ்ஸில் ஏற்றுங்கள்.

மண்டாவை, அதுதான் குத்தீட்டியை, கரையில் விடுங்கள். ஆமையும் ஆவுளியா என்ற கடற்பசுவும் சட்டப் பாதுகாப்பில் இருப்பவை. அவை திரியும் இடத்தில் கையில் மண்டாவோடு நின்று என்ன விளக்கம் சொல்வீர்கள்?

எல்லையை ஒட்டி இறங்காதீர்கள். அடியில் சங்கு தேடும் கண்ணுக்கு நீரோட்டம் இழுப்பது தெரியாது. வள்ளத்தில் இருப்பவர் குளிப்பவரின் மூச்சுக் குமிழியோடு ஜிபிஎஸ்ஸையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்; கோடு கிட்ட வந்தால் கயிற்றை இழுத்துக் கூப்பிடட்டும்.