கேன்யன்லேண்ட்ஸ்: காரிலும் கால்நடையாகவும் ஒரு நாள்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குக் கிளம்புமுன் வரைபடத்தை ஒரு முறை நிதானமாகப் பார்த்துவிட வேண்டும். கொலராடோ ஆறும் கிரீன் ஆறும் நடுவில் கூடிப் பூங்காவைத் தனித்தனி நிலப்பகுதிகளாகப் பிரித்துவிடுகின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகப் பூங்காவுக்குள் பாலம் கிடையாது. ஒரு நாள் மட்டுமே கையில் உள்ளவர்கள், சாதாரணக் காருக்கு ஏற்ற தார்ச்சாலையும் குறுகிய நடைபாதைகளும் உள்ள 'ஐலண்ட் இன் த ஸ்கை' பகுதியோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. பூங்காவின் மற்றொரு பகுதியான நீடில்ஸையும் அன்றே சேர்த்துக்கொண்டால் பொழுது காருக்குள்ளேயே கழிந்துவிடும்.

மோவாப் ஊரில் தங்கி, 191ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே சென்று 313ஆம் எண் சாலையில் திரும்பினால் சுமார் 40 நிமிடங்களில் பூங்காவை அடையலாம். உள்ளே பெட்ரோலும் கிடைக்காது, உணவகமும் இல்லை. ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணீரை ஊரிலேயே நிரப்பிக்கொள்ள வேண்டும். கோடையில் வெயில் 38 டிகிரியைத் தாண்டும் என்பதால் ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்களே உகந்தவை.

நடைகளின் வரிசையை வெயிலைப் பார்த்து அமைப்பது அவசியம். முதலில் மேசா ஆர்ச். போய்த் திரும்ப ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். கிழக்கு நோக்கிய இந்தப் பாறை வளைவின் அடிப்புறம், கீழேயுள்ள செங்குத்துப் பாறையில் பட்டுத் திரும்பும் விடியல் ஒளியில் ஆரஞ்சு நிறமாகச் சுடர்கிறது. அதைப் படமெடுக்க முக்காலிகளோடு இருட்டிலேயே கூட்டம் சேர்ந்துவிடும். படம் முக்கியமில்லை என்றால், சூரியன் எழுந்து ஒரு மணி நேரம் கழித்துப் போவதே மேல் என்பேன்.

பாதையின் இருபுறமும் கருத்து, சொரசொரத்து, சிறு மேடுகளாகப் புடைத்திருக்கும் மண்ணைக் கவனியுங்கள். நுண்ணுயிர்களும் பாசியும் மணலைப் பிணைத்து உருவாக்கிய உயிருள்ள மேலோடு அது. காற்று மணலை அள்ளிச் செல்லாமல் காப்பதும் அதுவே. ஒரு காலடி பட்டு நொறுங்கினால் மீள்வதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும் என்பதால், படத்துக்காகக்கூடப் பாதையை விட்டு இறங்கக்கூடாது. வெறும் பாறைமேல் வழி காட்டும் சிறு கற்குவியல்களைக் கலைப்பதும், விளையாட்டாகப் புதியவற்றை அடுக்குவதும் பின்னால் வருபவரை வழிதவறச் செய்யும்.

அடுத்து, வெயில் ஏறுமுன் அப்ஹீவல் டோம். முதல் காட்சிமுனைக்கு ஏற்றம் சிறியதே. இந்தப் பெரும் குழி உப்புப் படிவம் மேலெழுந்ததால் உண்டானதா, விண்கல் மோதியதாலா என்று நெடுநாள் விவாதம் நடந்தது. 2008இல் வெளியான ஆய்வில் மோதலின் பேரழுத்தத்தால் உள்ளமைப்பு சிதைந்த குவார்ட்ஸ் கனிமத் துகள்கள் கண்டறியப்பட்ட பிறகு விண்கல் தரப்பே வலுத்திருக்கிறது.

நண்பகலில் நடக்காமல், ஷேஃபர் பள்ளத்தாக்கு போன்ற சாலையோரக் காட்சிமுனைகளில் காரை நிறுத்திப் பார்த்தால் போதும். அங்கே தெரியும் வளைந்திறங்கும் மண்சாலை நான்கு சக்கர இயக்க வண்டிகளுக்கானது; வாடகைக் காரை அதில் இறக்க வேண்டாம்.

மாலையில் கிராண்ட் வியூ பாயிண்ட். போக வர மூன்று கிலோமீட்டர். விளிம்பை ஒட்டியே, பெரும்பாலும் சமதளம். பாதை நெடுகத் தடுப்புக் கம்பிகள் இல்லாததால் குழந்தைகளின் கையை விடக்கூடாது. இடி கேட்டால் உடனே காருக்குத் திரும்பிவிட வேண்டும். சூரியன் மறைவதைக் கிரீன் ரிவர் ஓவர்லுக்கில் பார்த்துவிட்டுக் கிளம்புபவர்கள், இருட்டில் மான்கள் சாலையைக் கடக்கும் என்பதை நினைவில் வைத்து, வேகத்தைக் குறைத்தே ஓட்ட வேண்டும்.