ஹெஸ்டர் பிரின்னைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நத்தானியல் ஹாதார்ன் 1850இல் வெளியிட்ட 'தி ஸ்கார்லெட் லெட்டர்' நாவலைப் பற்றிய கட்டுரைகளில் அதன் நாயகி ஹெஸ்டர் பிரின் பெரும்பாலும் பூமாதேவி ஆகிவிடுகிறாள். எல்லாவற்றையும் தாங்கினாள், வாய் திறக்கவில்லை, பொறுமையால் வென்றாள் என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். முதல் தவறு இதுதான். மற்றவற்றில் பாதி இதிலிருந்து கிளைத்தவை.

கதை நடப்பது பதினேழாம் நூற்றாண்டின் பாஸ்டனில், கடும் ஒழுக்கம் பேணிய கிறித்தவப் பிரிவினரான பியூரிட்டன்களின் குடியேற்றத்தில். கணவன் இன்னும் வந்து சேராத நிலையில் குழந்தை பெற்றது அவள் குற்றம். மூன்று மாதக் கைக்குழந்தையோடு மூன்று மணி நேரம் மேடையில் ஊரார் முன் நிற்க வேண்டும். ஆயுள் முழுக்க மார்பில் சிவப்பு 'ஏ' எழுத்தை (கள்ள உறவைக் குறிக்கும் 'அடல்ட்ரி' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து) அணிய வேண்டும். அதை எப்படி அணிந்து வருகிறாள் என்று பாருங்கள். சிவப்புத் துணி, சுற்றிலும் பொன்னிழைப் பூவேலை. தண்டனையை நகையாக்கிவிட்டாளே என்று கூட்டத்துப் பெண்களுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. குழந்தையின் தகப்பன் பெயரைச் சொன்னால் எழுத்தை அகற்றவும் வழி உண்டு என்று அங்கேயே ஆசை காட்டுகிறார்கள். மறுக்கிறாள். இதற்குப் பொறுமை என்று பெயரிட முடியுமா? வீம்பு என்றால்கூட ஓரளவு பொருந்தும்.

வாய் திறக்காதவள் என்பதும் சரியல்ல. மகள் பேர்லைத் தன்னிடமிருந்து பிரிக்கப் பேச்சு நடக்கிறது என்று தெரிந்ததும், தைத்த கையுறைகளைக் கொடுக்கும் சாக்கில் ஆளுநர் பெல்லிங்ஹாமின் வீட்டுக்கே போகிறாள். குழந்தையைத் தர மாட்டேன் என்று கத்துகிறாள். அங்கே நிற்கும் போதகர் டிம்ஸ்டேலைப் பார்த்து, எனக்காக நீங்கள் பேசுங்கள் என்கிறாள். மறைந்திருக்கும் தகப்பன் அவர்தான். அந்த வேண்டுகோளுக்குள் இருக்கும் மிரட்டல் அவருக்கு மட்டும் புரியும்.

பலரும் தாண்டிப் போகும் இன்னொன்று ஊசி. மன உறுதி, மன உறுதி என்று பக்கம் பக்கமாக எழுதுபவர்கள், அவள் எப்படிச் சாப்பிட்டாள் என்று கேட்பதே இல்லை. ஊருக்கு வெளியே, கடலோரக் குடிசையில் தைத்துப் பிழைத்தாள். ஆளுநரின் கழுத்துப் பட்டி, குழந்தைத் துணி, பிணத்துக்குப் போர்த்தும் துணி எல்லாம் அவள் கைவேலை. மணப்பெண்ணின் முகத்திரையை மட்டும் யாரும் அவளிடம் தைக்கக் கொடுக்கவில்லை. ஊர் எதை ஏற்றது, எதை ஏற்கவில்லை என்பதற்கு இந்த ஒரு விவரம் போதும்.

இந்த வலிமை இலவசமாகக் கிடைத்ததுபோல எழுதுவது அடுத்த தவறு. அவமானமும் விரக்தியும் தனிமையும் அவளுக்கு ஆசிரியர்கள். அவை அவளை வலுவாக்கின, தவறாகவும் நிறையக் கற்றுக்கொடுத்தன என்று ஹாதார்னே சொல்கிறார். அடர்ந்த கூந்தல் தொப்பிக்குள் மறைந்துவிட்டது. முகத்தில் பளிங்கின் குளிர்ச்சி. குழந்தையை மேலுலகுக்கு அனுப்பிவிட்டுத் தானும் போய்விடலாமா என்ற எண்ணம்கூடச் சில நேரம் தலைகாட்டுகிறது. இவை வரும் பதின்மூன்றாம், பதினெட்டாம் அத்தியாயங்களை விட்டுவிட்டால் மிஞ்சுவது தன்னம்பிக்கைச் சொற்பொழிவுதான்.

ஏழு ஆண்டுகளில் ஊர் மனம் மாறி, அந்த எழுத்துக்கு 'ஏபிள்', அதாவது 'திறமைசாலி', என்று பொருள் சொல்லத் தொடங்குகிறது. இதை வெற்றி விழாவாக்க வேண்டாம். நேற்று ஏசியவர்கள் இன்று வணக்கம் சொல்ல வந்தால், எழுத்தின் மேல் விரலை வைத்துக் காட்டிவிட்டு நடந்துவிடுகிறாள். அது பணிவா, செருக்கா என்பதை ஹாதார்ன் வேண்டுமென்றே நம்மிடம் விட்டுவிடுகிறார்.

முன்னுரையில் அமெரிக்காவின் சேலம் நகரச் சுங்க அலுவலகத்தில் பழைய சிவப்பு 'ஏ' எழுத்தும் காகிதங்களும் கிடைத்ததாக வருவது கற்பனை. அதை வரலாறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1995இல் வந்த திரைப்படத்தை நம்பி முடிவை எழுதுவது இன்னும் ஆபத்து. அதில் ஹெஸ்டரும் போதகரும் சேர்ந்து ஊரைவிட்டுப் போகிறார்கள். நாவலில் போதகர் அதே மேடையில் உண்மையைச் சொல்லிவிட்டு இறக்கிறார். ஹெஸ்டர் மகளோடு கடல் கடந்து போய், பல ஆண்டுகள் கழித்துத் தனியாகத் திரும்புகிறாள். யாரும் கட்டாயப்படுத்தாமலே எழுத்தை மறுபடி அணிகிறாள். மனம் நொந்த பெண்கள் அவள் குடிசையைத் தேடி வருகிறார்கள்.

காதலர்கள் கல்லறையிலாவது ஒன்றானார்கள் என்று முடிப்பவர்கள் கடைசிப் பக்கத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும். கல் ஒன்றுதான். குழிகள் இரண்டு, நடுவே இடைவெளி.