அலாய் வீல் பெண்டானால்: எதை நிமிர்த்தலாம், எதைத் தூக்கிப் போடணும்

சேலத்திலிருந்து ஈரோட்டுக்கு ராத்திரி மழையில் வந்துகொண்டிருந்தேன். குழி முழுக்கத் தண்ணீர் நின்றதால் சமதரை மாதிரியே தெரிந்தது. இடது சக்கரம் இறங்கி ஏறிய சத்தத்தில் பின்சீட்டில் தூங்கிய மகள் எழுந்துவிட்டாள். டயர் வெடிக்கவில்லை. ஆனால் மறுநாள் பைபாஸில் 80ஐத் தொட்டதும் ஸ்டியரிங் நடுங்க ஆரம்பித்தது.

என் வண்டி ஸ்விஃப்ட். கம்பெனி கொடுத்த 15 இன்ச் வீலைக் கழற்றிவிட்டு வெளியில் வாங்கிய 16 இன்ச் அலாய் போட்டிருந்தேன். பழைய 185/65 ஆர்15 டயரின் பக்கவாட்டு உயரம் 120 மில்லிமீட்டர். இப்போதுள்ள 195/55 ஆர்16 டயரில் 107தான். குழியின் அடியைத் தாங்க இருந்த ரப்பரில் 13 மில்லிமீட்டர் குறைந்துவிட்டது, அந்த அடி நேராக ரிம்மில் விழுகிறது.

நடுக்கம் வந்ததும் எல்லோரும் போல நானும் பேலன்சிங் போட ஓடினேன். ஈயம் ஒட்டி அனுப்பினார்கள், நடுக்கம் அப்படியே இருந்தது. எடை ஏற்றத்தாழ்வைத்தான் பேலன்சிங் சரிசெய்யும், ரிம் கோணலை அல்ல. அதனால் காசு கொடுக்கும் முன் வீட்டிலேயே பாருங்கள்.

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கல் வைத்து, நியூட்ரலில் முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்குங்கள். ஒரு செங்கல் மேல் ஸ்க்ரூடிரைவரைக் கட்டி, அதன் முனை ரிம் விளிம்பைத் தொடாமல் ஒரு நூல் தள்ளி நிற்கும்படி வையுங்கள். சக்கரத்தை மெதுவாகக் கையால் சுற்றுங்கள். எனக்கு முக்கால் சுற்று வரை இடைவெளி மாறவே இல்லை. அப்புறம் சட்டென்று முனையில் உரசி, ‘கிர்ர்’ என்று ஒரு சத்தம், மறுபடி விலகல். அந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன். வெளிவிளிம்போடு நிறுத்திவிடாதீர்கள். பெரும்பாலும் அடி வாங்குவது உள்விளிம்புதான். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் அது தெரியும். ஜாக்கியை மட்டும் நம்பி உடம்பை அடியில் நுழைக்க வேண்டாம்.

முன் சக்கரம் விழுந்த குழியில் பின் சக்கரமும் விழுந்திருக்கும். இதை நான் யோசிக்கவே இல்லை. ஒரு வாரத்தில் பின் இடது டயரில் காற்று 33லிருந்து 27க்கு இறங்கியது. பஞ்சர் எதுவும் இல்லை. சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தபோது, ஸ்போக் ரிம்மோடு சேரும் இடத்துக்குப் பின்னால் கடுகு அளவு குமிழிகள் வரிசையாக வந்தன. கடையில் டயரைக் கழற்றி, ரிம்மைச் சுத்தம் செய்து சிவப்புச் சாயம் அடித்துத் துடைத்து, மேலே உள்ளே தங்கிய சாயத்தை உறிஞ்சிக் காட்டும் வெள்ளை டெவலப்பர் அடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் வெள்ளையில் தலைமுடி போல ஒரு சிவப்புக் கோடு எழுந்து வந்தது. வெடிப்பு.

என் வண்டியில் வளைந்த முன் சக்கரத்தை நிமிர்த்தலாம், வெடித்த பின் சக்கரத்தைக் கூடாது. ஸ்போக்கைத் தொடாமல் உள்விளிம்பில் மட்டும் வளைவு, வெடிப்பும் இல்லை என்றால் பெண்டு எடுக்கலாம். ஸ்போக்கிலோ நட்டு உட்காரும் இடத்திலோ வளைவோ வெடிப்போ இருந்தால் அந்த வீலைக் கழித்துவிடுங்கள். “வெல்டு வெச்சுத் தர்றேண்ணா, தெரியவே தெரியாது” என்றார் ஒருவர். தெரியாது என்பதுதான் எனக்குப் பயமே. வெல்டிங் சூட்டில் சுற்றியுள்ள உலோகம் இளகி வலு இழந்துவிடும். மேலே பெயின்ட் அடித்துவிட்டால் அது கண்ணுக்கும் படாது. அந்த வண்டியில் என் குழந்தை உட்கார்ந்து வருகிறாள்.

பெண்டு எடுக்கும் கடையில் ஒன்றைக் கவனியுங்கள். ரிம் எவ்வளவு ஆடுகிறது என்று முள்ளில் காட்டும் டயல் கேஜ் வைத்து அளந்து, ஹைட்ராலிக் ஜாக்கியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ள வேண்டும். சுத்தியலும் கேஸ் தீயும் மட்டும் இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். இரும்பு போல அலுமினியம் சூடேறிச் சிவக்காது, எல்லை தாண்டியதே தெரியாது. முடிந்தபின் மறுபடி கேஜில் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் ஆடினால் நான் வாங்கமாட்டேன். நிமிர்த்திய இடத்தில் மறுபடி வெடிப்புச் சோதனையும் வேண்டும்.

புது வீல் வாங்கும்போது உள்பக்க எழுத்துகளைப் படியுங்கள். என் வண்டிக்கு 4×100, அதாவது 100 மில்லிமீட்டர் வட்டத்தில் நான்கு நட்டுத் துளைகள்; நடுத்துளை 54.1 மில்லிமீட்டர். வெளி வீல்களில் துளை பெரும்பாலும் 73.1 இருக்கும். இடைவெளியை அடைக்கும் ஹப் ரிங் போடாவிட்டால் புது வீலும் நடுங்கலாம். வீல் எவ்வளவு உள்ளே உட்காரும் என்று சொல்லும் ஈடி (ஆஃப்செட்) எண் ரொம்பக் குறைந்தால் சக்கரம் வெளியே தள்ளி ஃபெண்டரில் உரசும். ஜேடபிள்யூஎல் (JWL) என்ற ஜப்பானிய அலாய் வீல் தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். நட்டு 12×1.25 மரை, தலையின் சரிவு வீலின் சரிவோடு பொருந்த வேண்டும். அதே மாடலில் ஒற்றை வீல் கிடைக்காவிட்டால், பின்னால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். நானும் அப்படித்தான் செய்தேன். வெளியில் வாங்கிய அலாயைப் பாலிசியில் சொல்லிச் சேர்க்காவிட்டால் க்ளெய்ம் கிடைப்பது கஷ்டம், அதையும் அப்போதே முடித்துவிடுங்கள்.

நட்டுகளை எதிரெதிராக முடுக்கி, 100 கிலோமீட்டர் ஓட்டியபின், முடுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சில் மறுபடி பார்த்தேன். நான்கில் ஒன்று இன்னும் கால் சுற்று இறுகியது.