வெளிநாட்டு வேலைக்கு ஆங்கிலம்: எங்கிருந்து தொடங்குவது?

வெளிநாட்டு வேலைக்கு ஆங்கிலம் வேண்டும் என்றதும் பலரும் முதலில் இலக்கணப் புத்தகத்தைத்தான் கையில் எடுக்கிறார்கள். பன்னிரண்டு காலங்களையும் மனப்பாடம் செய்து முடிப்பதற்குள் ஆர்வம் வடிந்துவிடும். சின்னச் சின்ன இலக்கணப் பிழைகளை வேலையிடத்தில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மேற்பார்வையாளர் சொன்னது பாதிதான் புரிந்திருக்க, "யெஸ், யெஸ்" என்று தலையாட்டிவிட்டு வந்தால்தான் சிக்கல். அதனால் இங்கே கேட்பதற்கும் திருப்பிக் கேட்பதற்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

படி 1: என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள்

எல்லா வேலைக்கும் தேர்வு தேவையில்லை. சில இடங்களில் நேர்காணலில் பேசினாலே போதும். தேர்வு கேட்டால் எந்தத் தேர்வு, எவ்வளவு மதிப்பெண் என்பதை வேலை தருபவரிடமோ, உரிமம் தரும் அமைப்பின் சொந்த இணையதளத்திலோ பாருங்கள். பல நாடுகளில் ஏற்கப்படும் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வில் மதிப்பெண் 9 வரை உண்டு. அகாடமிக், ஜெனரல் ட்ரெய்னிங் என்று அதில் இரண்டு வகை. கேட்பதும் பேசுவதும் இரண்டிலும் ஒன்றே, படிப்பதும் எழுதுவதும் வேறு. செவிலியர், மருந்தாளுநர் உள்ளிட்ட 12 மருத்துவத் துறைத் தொழில்களுக்கு ஓஇடி என்ற தனி ஆங்கிலத் தேர்வு இருக்கிறது. மொத்த மதிப்பெண் மட்டும் போதுமா, ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தபட்சம் கேட்கிறார்களா என்பதையும் கட்டணம் கட்டும் முன்பே பார்த்துவிடுங்கள்.

படி 2: உங்கள் வேலைநாளை எழுதுங்கள்

காலையில் உள்ளே நுழைவதிலிருந்து ஷிப்ட் முடியும்வரை யாரிடம் என்ன பேச வேண்டிவரும்? முதலில் தமிழிலேயே எழுதுங்கள். "இந்த மெஷின் சத்தம் போடுகிறது", "நோயாளி மாத்திரை வேண்டாம் என்கிறார்", "சரக்கு இரண்டு பெட்டி குறைகிறது" என்று இருபது முப்பது வாக்கியங்கள் சேரும். அதே வேலையில் இருப்பவர்கள் அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்கிறார்கள் என்று காணொளிகளில் தேடி, பக்கத்தில் எழுதிக்கொண்டு, வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். உங்கள் முதல் பாடநூல் இந்த நோட்டுதான்.

படி 3: ஒரு நிமிட ஒலி, நாலு சுற்று

பின்னணியில் ஆங்கிலச் செய்தியை ஓடவிட்டால் தானாக வந்துவிடும் என்பதை நான் நம்பவில்லை. கொஞ்சமாக எடுத்து ஆழமாகக் கேட்க வேண்டும். பிபிசி லேர்னிங் இங்கிலீஷின் '6 மினிட் இங்கிலீஷ்' இலவசம். பேச்சின் எழுத்து வடிவமும் கூடவே கிடைக்கும். அதில் ஒரு நிமிடம் மட்டும் எடுங்கள்.

முதல் சுற்றில் சும்மா கேளுங்கள். இரண்டாவதில் நிறுத்தி நிறுத்தி, காதில் விழுந்ததை எழுதுங்கள். மூன்றாவதில் எழுத்து வடிவத்தோடு ஒப்பிட்டு, விட்டுப்போன இடங்களைச் சுழியுங்கள். அந்தச் சொற்களில் பாதிக்கு மேல் உங்களுக்கு முன்பே தெரிந்தவையாக இருக்கும். பேச்சில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதால் பிடிபடாமல் போயிருக்கும். நான்காவதில் பேசுபவரின் கூடவே, அதே வேகத்தில் சொல்லுங்கள்.

இரண்டு இடங்களில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ஒன்று, 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி'. பதினைந்து என்றால் பெரும்பாலும் கடைசி அசையில் அழுத்தம் விழும். ஐம்பது என்றால் முதல் அசையில். மற்றது 'கேன்', 'கான்ட்'. "ஐ கேன் டூ இட்" என்பதில் 'கேன்' தேய்ந்து 'க்ன்' என்றுதான் ஒலிக்கும். 'கான்ட்' அழுத்தமாக வரும், ஆனால் கடைசி 'ட்' பல நேரம் விழுங்கப்படும். 'ட்' இருக்கிறதா என்று தேடாதீர்கள், அழுத்தத்தைக் கவனியுங்கள். முடியும், முடியாது என்பது மாறிப்போனால் வேலையே மாறிப்போகும்.

படி 4: திருப்பிச் சொல்லி உறுதி செய்யுங்கள்

"ரிப்பீட் ப்ளீஸ்" என்று மட்டும் சொன்னால் அதே வேகத்தில் அதையே மறுபடி சொல்வார்கள். புரிந்ததைச் சொல்லி, புரியாததை மட்டும் கேளுங்கள்: "க்ளோஸ் தி வால்வ், அண்ட் தென்?" முழுதும் புரிந்தாலும் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள்: "ஸோ, ஐ க்ளோஸ் தி வால்வ் ஃபர்ஸ்ட், ரைட்?"

இது கூச்சப்பட வேண்டிய விஷயமே இல்லை. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனரிஃப் தீவில் இரண்டு விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். புறப்பட ஓடத் தொடங்கிவிட்டோம் என்ற பொருளில் "வீ ஆர் நவ் அட் டேக்ஆஃப்" என்று வானொலியில் வந்த வாக்கியத்தை, விமானம் புறப்படத் தயாராக நிற்கிறது என்று கட்டுப்பாட்டு அறை புரிந்துகொண்டது முக்கியக் காரணங்களில் ஒன்று. அதன் பிறகு வானொலிச் சொற்கள் கறாராக்கப்பட்டன. முக்கியமான உத்தரவுகளை விமானிகள் இன்றும் திருப்பிச் சொல்கிறார்கள். தினமும் ஆங்கிலத்தில் பேசும் விமானிகளுக்கே அப்படி ஒரு விதி இருக்கும்போது, புதிதாகப் போகும் நீங்கள் திருப்பிக் கேட்பதை யாரும் குறையாக நினைக்கமாட்டார்கள்.

கூடவே உங்கள் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லப் பழகுங்கள். ஏ-க்கு ஆல்ஃபா, பி-க்கு பிராவோ, சி-க்கு சார்லி, டி-க்கு டெல்டா என்று ஒவ்வொரு ஆங்கில எழுத்துக்கும் ஒன்றாக உள்ள 26 சொற்களும் தெரிந்தால் தொலைபேசியில் 'பி'யா 'டி'யா என்ற குழப்பம் வராது.

படி 5: சின்னச் செய்திகளை எழுதுங்கள்

உடம்பு சரியில்லை, வர தாமதமாகும், இந்தப் பொருள் தீர்ந்துவிட்டது என்பதையெல்லாம் இரண்டு மூன்று வரியில் எழுதிப் பாருங்கள். ஐஇஎல்டிஎஸ் எழுதுபவர்கள் கூடுதலாகப் பழக வேண்டும்: எழுத்துப் பிரிவில் 60 நிமிடத்தில் இரண்டு பகுதிகள் எழுத வேண்டும், ஒன்று குறைந்தது 150 சொற்கள், இன்னொன்று குறைந்தது 250 சொற்கள்.

படி 6: பேசிப் பதிவு செய்யுங்கள்

"டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்" என்ற கேள்விக்கு யாரோ எழுதிய பதிலை மனப்பாடம் செய்யாதீர்கள். ஒப்பிப்பது குரலிலேயே தெரிந்துவிடும், இடையில் ஒரு கேள்வி விழுந்தால் அறுந்தும் போகும். மூன்று குறிப்புகள் போதும்: இப்போது என்ன செய்கிறீர்கள், எதில் கைதேர்ந்தவர், ஏன் இந்த வேலை. ஒவ்வொரு முறையும் வேறு சொற்களில் இரண்டு நிமிடம் பேசி, போனில் பதிவு செய்து கேளுங்கள். தடுமாறிய இடத்தை மட்டும் சரிசெய்து மறுபடி பேசுங்கள்.

தேர்வுக்குப் பணம் கட்டுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலேயே கடிகாரம் வைத்து எழுதும் மாதிரித் தேர்வுகளில் தேவையான மதிப்பெண் தொடர்ந்து வரட்டும். ஐஇஎல்டிஎஸ் முடிவு பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்குத்தான் செல்லும் என்பதால், விண்ணப்பிக்கும் காலத்தைக் கணக்குப் பார்த்துத் தேதி எடுங்கள்.